லிஸ்ப் நிரல் முரண்டு பிடித்தால்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

"லிஸ்ப்ல எழுதினேன், ஓடமாட்டேங்குது" என்று யாரிடமாவது போய் நின்றால், அவர் முதலில் திருப்பிக் கேட்பது: எந்த லிஸ்ப்? 1958-இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிவைத்த நிரல்மொழி இன்று பெரிய குடும்பம். காமன் லிஸ்ப், ஸ்கீம், ராக்கெட், குளோஜர், ஈமாக்ஸ் லிஸ்ப் எல்லாவற்றிலும் அடைப்புக்குறிகள் ஒரே மாதிரிதான் தெரியும். நடத்தை மட்டும் வேறு. ஸ்கீமுக்குள்ளேயே 1998, 2007, 2013 என்று மூன்று அறிக்கைகளின்படி எழுதிய நிரல்கள் இன்றும் புழங்குகின்றன.

இரண்டாவது கேள்வி: ரெபிளை (வரி வரியாகத் தட்டி உடனுக்குடன் விடை பார்க்கும் சாளரம்) மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தாலும் அதே பிழை வருகிறதா? கீழே சொல்லப்போகும் தொல்லைகளில் கணிசமானவை இந்த இரண்டு கேள்விகளிலேயே அடிபட்டுப் போகும்.

(கட்டளைப் பெயர்களை ஒலிப்பை வைத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அந்தந்த மொழியில் உள்ளபடி தட்டிக்கொள்ளுங்கள்.)

எண் போட்ட பட்டியலோடு ஏதோ திறந்து நிற்கிறது

காமன் லிஸ்ப்புக்குப் புதிதாக வருபவர்கள் மிரள்வது இங்கேதான். பிழை வந்ததும் நிரல் செத்துப்போகாமல் டீபக்கர் (பிழையை ஆராயும் கருவி) திறந்து, அடுத்து என்ன செய்யலாம் என்று எண் போட்ட பட்டியலைக் காட்டுகிறது. எஸ்பிசிஎல் (காமன் லிஸ்ப்பை ஓட்டும் மென்பொருள்களில் ஒன்று) என்றால் 0] என்று ஒரு குறி வந்து நிற்கும். அதைக் கவனிக்காமல் அடுத்த வரியைத் தட்டி, அதிலும் பிழை வந்தால் 0[2] ஆகும், பிறகு 0[3] ஆகும். எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால் பழைய பிழைகளைத் தீர்க்காமல் அவற்றின் மேலேயே நின்று வேலை செய்கிறீர்கள் என்று பொருள். பட்டியலில் 'அபார்ட்' என்று இருக்கும் எண்ணைத் தட்டினால் வெளியே வரலாம். ஈமாக்ஸ் எடிட்டரில் ஸ்லைம் என்ற துணைக்கருவி வழியாக ஓட்டுகிறீர்கள் என்றால் 'க்யூ' விசை போதும்.

ஆனால் உடனே வெளியே ஓடிவிடாதீர்கள். அந்தப் பட்டியல்தான் காமன் லிஸ்ப்பின் சொத்து. இல்லாத ஃபங்ஷனை அழைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். டீபக்கரை அப்படியே திறந்து வைத்துவிட்டு, எடிட்டரில் அந்த ஃபங்ஷனை எழுதி கம்பைல் செய்யுங்கள். பிறகு பட்டியலில் 'மறுபடி அழை' என்ற பொருளில் வரும் எண்ணைத் தேர்ந்தெடுத்தால், நிரல் நின்ற இடத்திலிருந்தே தொடரும். அரை மணி நேரம் ஓடிய கணக்கை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதில்லை.

பேக்ட்ரேஸை, அதாவது பிழை வரை எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலை, படிக்கும்போது மேலே இருக்கும் வரிகளில் முட்டி மோத வேண்டாம். அவை பெரும்பாலும் மொழியின் உள்வேலைகள். மேலிருந்து கீழே வரும்போது நீங்கள் பெயர் வைத்த ஃபங்ஷன் முதன்முதலில் எங்கே தென்படுகிறதோ, அங்கே நில்லுங்கள். அதற்கு என்ன மதிப்புகள் போயிருக்கின்றன என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஈமாக்ஸ் லிஸ்ப்பில் பேக்ட்ரேஸ் எப்போதும் தானாக வராது. 'டாகிள்-டீபக்-ஆன்-எரர்' கட்டளையைக் கொடுத்துவிட்டுப் பிழையை மறுபடி வரவழைக்க வேண்டும். குளோஜர் ரெபிளில் கடைசிப் பிழை *ஈ என்ற மாறியில் இருக்கும். 'பிஎஸ்டி' கொடுத்தால் அதன் தடம் விரியும்.

"கோப்பு பாதியில் முடிந்துவிட்டது" என்கிறது

எங்கோ ஓர் அடைப்புக்குறி மூடவில்லை. செய்தியில் வரும் வரி எண்ணை நம்பிப் பயனில்லை. கோப்பின் கடைசி வரியையோ மூடாத கூற்று (அடைப்புக்குறிக்குள் வரும் ஒரு முழு அலகு) தொடங்கிய வரியையோதான் அது காட்டும். குறி விடுபட்ட இடம் அதற்குத் தெரியாது. அடைப்புக்குறிகளை விரல்விட்டு எண்ணவும் வேண்டாம், லிஸ்ப் எழுதிப் பழகியவர்கள் யாரும் எண்ணுவதில்லை. அவர்கள் பார்ப்பது உள்தள்ளலை, அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை.

கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து, மறுபடி உள்தள்ளும்படி எடிட்டரிடம் சொல்லுங்கள். ஈமாக்ஸில் 'இன்டென்ட்-ரீஜன்'. இடது ஓரத்தில் நிற்க வேண்டிய ஒரு 'டிஃபன்' (ஃபங்ஷனை வரையறுக்கும் கட்டளை) வலப்பக்கம் நகர்ந்திருந்தால், கோளாறு அதில் இல்லை, அதற்கு மேலே உள்ள கூற்றில். அந்தக் கூற்றுக்குள் நீங்கள் நினைத்ததைவிட ஆழமாகப் போன முதல் வரியைப் பாருங்கள். அதற்கு முந்தைய வரியின் முடிவில்தான் குறி விடுபட்டிருக்கும்.

உள்தள்ளல் சரியாகத் தெரிந்தும் பிழை போகவில்லையா? மேற்கோள்குறி மூடாத சரம் இருக்கிறதா பாருங்கள். கோப்பின் மீதிப் பகுதி முழுக்க ஒரே நிறத்தில் இருந்தால் அதுதான். இன்னொன்று கண்ணில் படவே படாது:

(+ அகலம்
   உயரம் ; பிறகு மாற்ற வேண்டும்)

கடைசிக் குறி கருத்துரைக்குள் போய்விட்டது. அரைப்புள்ளிக்குப் பின்னால் வருவது எதையும் மொழி படிப்பதில்லை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. குறி ஒன்று கூடிப்போனால் ஃபங்ஷன் முன்கூட்டியே முடிந்துவிடும், அதன் மீதி உடல் வெளியே தொங்கும். அப்போது வரும் செய்தி அடைப்புக்குறியைப் பற்றியே இருக்காது. "இந்த மாறி தெரியாது" என்றுதான் வரலாம். அடைப்புக்குறிகளை எப்போதும் ஜோடியாகவே வைத்திருக்கும் பேரெடிட் மாதிரியான துணைக்கருவி இருந்தால் இந்த வகைத் தொல்லைகள் பெரும்பாலும் எழுவதில்லை. முதல் சில நாள்கள் கையைக் கட்டிப்போட்டது போல எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

"5 என்பது ஃபங்ஷன் அல்ல" என்கிறது

மற்ற பல மொழிகளில் கூடுதலாக ஒரு ஜோடி அடைப்புக்குறி போட்டால் ஒன்றும் ஆகாது. லிஸ்ப்பில் அடைப்புக்குறி என்றாலே "அழை" என்று பொருள்.

((+ 2 3))

உள்ளே 5 வந்தது. வெளிக்குறி அந்த 5-ஐ ஃபங்ஷனாக அழைக்கப் பார்க்கிறது. ராக்கெட் இதை "அழைக்கத்தக்கதல்ல, கிடைத்தது 5" என்று தெளிவாகவே சொல்லும். குளோஜர் "லாங் வகையை ஐஎஃப்என் வகையாக மாற்ற முடியாது" என்று ஜாவா மொழியில் பேசும். சங்கதி ஒன்றுதான். தரவாக நினைத்த (1 2 3)-க்கு முன்னால் மேற்கோள் போட மறந்தாலும் இதேதான் நடக்கும். '(1 2 3) என்று எழுத வேண்டும்.

குறிகள் எல்லாம் சரி, இருந்தும் இந்தச் செய்தி வருகிறது என்றால் பெயர் மோதலைப் பாருங்கள். ஸ்கீமில் இப்படி எழுதியிருப்பீர்கள்:

(டிஃபைன் (ஜோடி லிஸ்ட்)
  (லிஸ்ட் (கார் லிஸ்ட்) (கார் (குடர் லிஸ்ட்))))

அளபுருவுக்கு (ஃபங்ஷன் வாங்கும் மதிப்புக்கு) 'லிஸ்ட்' என்று பெயர் வைத்ததும், உள்ளே லிஸ்ட் என்ற ஃபங்ஷன் மறைந்துபோகிறது. ஸ்கீம், ராக்கெட், குளோஜர் மூன்றிலும் ஃபங்ஷனுக்கும் மாறிக்கும் பெயர்வெளி (பெயர்களை வைக்கும் இடம்) ஒன்றே. காமன் லிஸ்ப்பிலும் ஈமாக்ஸ் லிஸ்ப்பிலும் தனித்தனி என்பதால் இதே அமைப்பில் எழுதினாலும் சிக்கல் வராது. ஆனால் அங்கே வேறொரு கணக்கு: மாறியில் இருக்கும் ஃபங்ஷனை நேரடியாக அழைக்க முடியாது, 'ஃபன்கால்' வேண்டும், ஒரு ஃபங்ஷனை இன்னொன்றுக்கு அனுப்ப #' வேண்டும். ஸ்கீம் பாடத்தைப் படித்துவிட்டுக் காமன் லிஸ்ப்பில் தட்டிப் பார்ப்பவர்கள் "ஃபங்ஷன் வரையறுக்கப்படவில்லை" என்ற செய்தியில் மாட்டுவது இதனால்தான்.

முந்தைய வரியில் கொடுத்த மாறியே தெரியாது என்கிறது

(லெட் ((அ 2)
      (ஆ (* அ 10)))
  ஆ)

காமன் லிஸ்ப், ஸ்கீம், ஈமாக்ஸ் லிஸ்ப் மூன்றிலும் லெட் எல்லா மதிப்புகளையும் முதலில் கணக்கிட்டுவிட்டுத்தான் பெயர்களைக் கட்டும். ஆ-வைக் கணக்கிடும்போது அ இன்னும் பிறக்கவில்லை. லெட்* போடுங்கள், தீர்ந்தது. குளோஜரின் லெட் வரிசையாகவே கட்டுவதால் அங்கே இந்தக் கேள்வி எழாது.

கோப்பைத் திருத்தியும் பழைய விடையே வருகிறது

நீங்கள் பார்ப்பது கோப்பு. ஓடுவது நினைவகத்தில் இருக்கும் படிமம், அதாவது ஏற்கெனவே ஏற்றப்பட்ட நிரல். இரண்டும் தானாக ஒத்துப்போகாது. சேமித்தால் மட்டும் போதாது, திருத்திய ஃபங்ஷனை மறுபடி கம்பைல் செய்து உள்ளே அனுப்ப வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தவர்களையும் கவிழ்ப்பவை வேறு.

முதலாவது 'டிஃப்வார்'. மாறிக்கு ஏற்கெனவே மதிப்பு இருந்தால் டிஃப்வார் அதைத் தொடாது. கோப்பில் 10-ஐ 20 ஆக்கி எத்தனை முறை ஏற்றினாலும் 10 தான் இருக்கும். மாற வேண்டும் என்றால் 'டிஃப்பாராமீட்டர்', அல்லது நேரடியாக 'செட்எஃப்'. குளோஜரின் 'டெஃப்ஒன்ஸ்' இதே குணம் உடையது. 'டெஃப்மல்ட்டி'யும் அப்படித்தான் என்பது பலருக்குத் தெரியாது. எந்த வழியில் போவது என்று பிரிக்கும் ஃபங்ஷனை மாற்றிவிட்டு மறுபடி ஏற்றினாலும் பழையதே நிற்கும்.

இரண்டாவது மேக்ரோ, அதாவது நிரலை எழுதித் தரும் நிரல். மேக்ரோ விரிவது கம்பைல் செய்யும்போது. மேக்ரோவை மட்டும் திருத்தி ஏற்றினால், அதைப் பயன்படுத்தும் ஃபங்ஷன்களுக்குள் பழைய விரிவே இருக்கும். அவற்றையும் மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

மூன்றாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் பிழையே வராது. ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் மாற்றுகிறீர்கள். ஓரிடத்தில் மட்டும் பழைய பெயரிலேயே அழைப்பு தங்கிவிடுகிறது. படிமத்தில் பழைய ஃபங்ஷன் இன்னும் உயிரோடு இருப்பதால் எல்லாம் ஒழுங்காக ஓடும். மறுநாள் கணினியைத் திறந்ததும், அல்லது வேறொருவர் தன் கணினியில் ஓட்டியதும் உடையும். "என்கிட்ட ஓடுதே!" என்ற வாக்கியத்துக்குப் பின்னால் லிஸ்ப்பில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. பெரிய திருத்தம் செய்த நாளில் வேலையை முடிப்பதற்கு முன் ஒரு தடவை எல்லாவற்றையும் மூடித் திறந்து, முதலிலிருந்து ஏற்றிப் பாருங்கள்.

பேக்கேஜைச் சேர்த்தால் பெயர் மோதல் என்கிறது

காமன் லிஸ்ப்புக்கே உரிய தொல்லை. பேக்கேஜ் என்பது பெயர்களைத் தொகுத்து வைக்கும் இடம். நூலகத்தை ஏற்றிவிட்டு, 'யூஸ்-பேக்கேஜ்' கொடுப்பதற்கு முன்பே அதில் உள்ள ஒரு ஃபங்ஷனின் பெயரை ரெபிளில் தட்டிவிட்டீர்கள். ஃபங்ஷன் இல்லை என்று பிழை வந்திருக்கும். ஆனால் பிழை வருவதற்கு முன்பே, அந்த வரியைப் படித்த ரீடர் அந்தப் பெயரில் ஒரு குறியீட்டை உங்கள் பேக்கேஜில் உருவாக்கிவிட்டது. இப்போது யூஸ்-பேக்கேஜ் கொடுத்தால் ஒரே பெயரில் இரண்டு குறியீடுகள். டீபக்கர் தரும் பட்டியலில் நூலகத்தின் குறியீட்டை வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் 'அன்இன்டர்ன்' செய்துவிட்டு மறுபடி கொடுங்கள்.

"குறியீடு வெளிப்படையானதல்ல" என்று வந்தால் அது ஏற்றுமதி செய்யப்படவில்லை என்று பொருள். ஒற்றை முக்காற்புள்ளிக்குப் பதில் இரட்டை போட்டால் ஓடிவிடும். ஆனால் அந்த நூலகத்தை எழுதியவர் அதை உள்வேலைக்காக வைத்திருக்கிறார்; அடுத்த பதிப்பில் அது இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ரெபிளில் நடக்கிறது, நிரலில் ஒன்றுமே நடக்கவில்லை

குளோஜர் என்றால் 'மேப்'பைத் தேடுங்கள். மேப் சோம்பேறி, விடையை யாராவது கேட்கும்வரை வேலையைத் தொடங்காது. ரெபிளில் விடையை அச்சிட வேண்டியிருப்பதால் ரெபிளே அதைக் கேட்டுவிடுகிறது, வேலை நடக்கிறது. நிரலுக்குள் அந்த விடையை யாரும் தொடவில்லை என்றால், கோப்பில் எழுதச் சொன்னதும் திரையில் காட்டச் சொன்னதும் அப்படியே கிடக்கும். விளைவுக்காக மட்டும் ஓடும் வேலைக்கு மேப் வேண்டாம். 'டூசெக்' அல்லது 'ரன்!' எழுதுங்கள்.

இதே சோம்பல் வேறு உருவத்திலும் வரும். முதல் உறுப்பை மட்டும் கேட்டீர்கள், ஆனால் 32 உறுப்புகளுக்கு வேலை நடந்திருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். வெக்டர் போன்றவற்றின் மேல் மேப் 32, 32 ஆகத்தான் எடுக்கும். 'வித்-ஓபன்' உள்ளே கோப்பைப் படித்து வெளியே பயன்படுத்தும்போது "மூடப்பட்டுவிட்டது" என்று வந்தால், கோப்பு மூடிய பிறகுதான் வரிகளைக் கேட்டிருக்கிறீர்கள். உள்ளேயே 'டூஆல்' போட்டு முழுக்கப் படித்துவிடுங்கள்.

வரிசைப்படுத்தியதும் லிஸ்ட்டில் பாதியைக் காணோம்

காமன் லிஸ்ப்பின் 'சார்ட்' கொடுத்த லிஸ்ட்டையே பிரித்து மாற்றிக் கட்டும். (3 1 2) இருந்த மாறியைச் சார்ட் செய்துவிட்டு அந்த மாறியையே பார்த்தால் (3) மட்டும் இருக்கலாம். மாறி இன்னும் 3 இருந்த கண்ணியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கண்ணி இப்போது கடைசியில். விடையைச் செட்எஃப் செய்து மாறியில் திரும்பப் போடுங்கள். மூல லிஸ்ட் வேண்டும் என்றால் முதலில் 'காப்பி-லிஸ்ட்'. மேற்கோள் போட்டு நிரலிலேயே எழுதிய லிஸ்ட்டை இப்படி மாற்றவே கூடாது. முதல் அழைப்பில் சரியாகவும் இரண்டாவது அழைப்பில் தப்பாகவும் நடக்கும் ஃபங்ஷன்களுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

நிபந்தனை தப்பான பக்கம் போகிறது

வெற்று லிஸ்ட் பொய்யா மெய்யா? காமன் லிஸ்ப்பிலும் ஈமாக்ஸ் லிஸ்ப்பிலும் பொய். ஸ்கீமிலும் குளோஜரிலும் மெய். பூஜ்யம் நான்கிலுமே மெய். சரங்களை 'ஈக்யூ' வைத்து ஒப்பிட்டிருந்தால் 'ஈக்வல்' என்று மாற்றுங்கள். ஈக்யூ பார்ப்பது ஒரே பொருளா என்பதை, ஒரே எழுத்துகளா என்பதை அல்ல. குளோஜரில் (= 1 1.0) பொய், (== 1 1.0) மெய்.

எண் தப்பாக வருகிறது என்றால்: (/ 1 3) காமன் லிஸ்ப்பிலும் குளோஜரிலும் 1/3 என்ற பின்னமாகவே நிற்கும், ஈமாக்ஸ் லிஸ்ப்பில் 0. காமன் லிஸ்ப்பில் 0.1 என்று எழுதினால் இயல்பாக ஒற்றைத் துல்லியம்தான். ஏழெட்டு இலக்கங்களுக்குப் பிறகு பிசகுகிறதே என்றால் காரணம் அதுவே.

ஸ்டாக் நிரம்பிவிட்டது

ஸ்டாக் என்பது இன்னும் முடியாத ஃபங்ஷன் அழைப்புகளை அடுக்கி வைக்கும் நினைவிடம். தன்னையே அழைக்கும் ஃபங்ஷனில் முதலில் முடிவு நிபந்தனை எட்டப்படுகிறதா என்று பாருங்கள். காமன் லிஸ்ப்பில் 'ட்ரேஸ்' கொடுத்துச் சின்ன எண்ணில் ஓட்டினால் ஒவ்வோர் அழைப்பும் படிப்படியாகத் திரையில் இறங்கும். எண் குறையாமல் அதே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

நிபந்தனை சரி, தரவுதான் பெரிது என்றால் அழைப்பு வால் நிலையில் (ஃபங்ஷன் செய்யும் கடைசி வேலையாக) இருக்கிறதா என்பது கேள்வி. (* எண் (பெருக்கம் (- எண் 1))) என்பதில் இல்லை, ஏனென்றால் அழைப்பு திரும்பிய பிறகும் பெருக்கல் பாக்கி இருக்கிறது. இடைவிடையை ஓர் அளபுருவாக எடுத்துச்செல்லும்படி மாற்றுங்கள். அப்படி மாற்றினால் ஸ்கீமில் ஸ்டாக் வளராது. வரையறையே அதை உறுதி செய்கிறது. குளோஜரில் 'ரிகர்' என்று வெளிப்படையாக எழுத வேண்டும். காமன் லிஸ்ப் வரையறை எந்த உறுதியும் தருவதில்லை. எஸ்பிசிஎல் வழக்கமாகச் செய்துகொடுக்கும், டீபக் அளவை 3-க்கு ஏற்றினால் செய்யாது. ஈமாக்ஸ் லிஸ்ப்பில் ஆழ வரம்பை உயர்த்துவதைவிட 'வைல்' சுற்றாக எழுதிவிடுவது மேல்.

மேக்ரோ புரியாத எதையோ செய்கிறது

மேக்ரோவை முறைத்துப் பார்த்துப் பயனில்லை, அதன் விரிவைப் பாருங்கள். 'மேக்ரோஎக்ஸ்பேண்ட்-1' ஒரே ஒரு படி விரித்துக் காட்டும். அங்கே இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். நீங்கள் அனுப்பிய கூற்று இரண்டு இடத்தில் வந்திருந்தால் அது இரண்டு முறை ஓடும். மேக்ரோ உருவாக்கிய தற்காலிக மாறியும் உங்கள் மாறியும் ஒரே பெயரில் இருந்தால் ஒன்று மற்றதை விழுங்கும், யாரும் வைக்காத புதுப் பெயரைத் தரும் 'ஜென்சிம்' வேண்டும். விரிவில் மதிப்புக்குப் பதிலாக மாறியின் பெயரே வெறுமனே நின்றால், பின்மேற்கோள் (`) போட வேண்டிய இடத்தில் சாதா மேற்கோள் போட்டிருக்கலாம். மற்ற லிஸ்ப்களில் மதிப்பைச் செருகும் காற்புள்ளி குளோஜரில் வெறும் இடைவெளிதான். அங்கே ~ போட வேண்டும்.

எதுவும் பலிக்கவில்லை, யாரையாவது கேட்டாக வேண்டும்

நிரலைக் குறுக்குங்கள். பிழை தரும் கூற்றை எடுத்து, அதன் உள்ளே இருக்கும் சின்னக் கூற்றை மட்டும் ரெபிளில் தனியாக ஓட்டுங்கள். சரியான விடை வந்தால் ஓர் அடைப்பு வெளியே வாருங்கள். எந்த அடைப்பில் முதன்முதலில் விடை பிசகுகிறதோ, கேள்வி அதைப் பற்றியது. லிஸ்ப்பில் எந்தக் கூற்றையும் இப்படித் தனியே பிய்த்து ஓட்ட முடிவதால், குறுக்கும் வேலை பாதியில் இருக்கும்போதே விடை கிடைத்துவிடுவதும் நடக்கும்.

கிடைக்கவில்லை என்றால், கேள்வியில் இவை இருக்கட்டும்: எந்த மொழி, எந்த நடைமுறைப்பதிப்பு, அதன் எண். "காமன் லிஸ்ப்" என்று மட்டும் சொன்னால் போதாது. எஸ்பிசிஎல்லா, வேறொன்றா என்று சொல்லுங்கள். ராக்கெட் என்றால் கோப்பின் முதல் வரியில் இருக்கும் #லாங் அறிவிப்பையும் சேருங்கள், ஏனென்றால் அந்த ஒரு வரி மொழியையே மாற்றிவிடும். பழைய ஸ்கீம் பாடத்தில் 'செட்-கார்!' (லிஸ்ட்டின் முதல் உறுப்பை மாற்றும் கட்டளை) இருந்து அது ராக்கெட்டில் ஓடாமல் போவதற்கும் அந்த வரிதான் விடை: ராக்கெட்டின் இயல்பான லிஸ்ட்டை மாற்ற முடியாது, #லாங் வரியில் ஆர்5ஆர்எஸ் (1998 ஸ்கீம் அறிக்கை) கொடுத்தால் முடியும்.

பிழைச்செய்தியை எழுத்தாகவே ஒட்டுங்கள், படமாக வேண்டாம். "ஏதோ டைப் எரர்" என்று சொந்த நடையில் சொல்லவும் வேண்டாம். குறுக்கிய நிரலைப் புதிதாகத் திறந்த ரெபிளில் ஒரு தடவை ஓட்டி, அதே செய்தி வருகிறது என்று பார்த்த பிறகு அனுப்புங்கள். எடிட்டரே உள்தள்ளியபடி இருக்கட்டும். மூடும் குறிகளைத் தனித்தனி வரியில் அடுக்காமல் கடைசி வரியின் முடிவிலேயே சேர்த்து வையுங்கள். உதவ வருபவர் உள்தள்ளலைப் பார்த்துத்தான் படிக்கிறார், அது குலைந்திருந்தால் முதல் பதில் அதைப் பற்றியதாகவே இருக்கும்.

கேள்வி இந்த அளவுக்கு வந்தால் போதும்: "எஸ்பிசிஎல்லில், புதிதாகத் திறந்த ரெபிளில், இந்த நான்கு வரிகளை ஓட்டினால் (1 2 3) வரும் என்று எதிர்பார்த்தேன், (3) வந்தது." பதில் சொல்பவருக்கு ஒரு வரி எழுதினால் வேலை முடிந்துவிடும்.